வெறி: பூசையின் பெயர் வசையான வழி

ஒருவரை 'மதவெறியர்' என்று எழுதினால் வழக்குப் போடுவார். சாதிவெறி, இனவெறி, பதவிவெறி, போர்வெறி என்று எதை எடுத்தாலும் அது குற்றச்சாட்டுதான். நாய்க்கு வந்தால் வெறிநாய், மனிதனுக்கு வந்தால் வெறியன். ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பு இதே தமிழில் 'வெறி' என்பது முருகனுக்கு எடுக்கும் ஒரு பூசையின் பெயர். பந்தல் போட்டு, களம் அமைத்து, கண்ணி சூட்டி, ஆட்டுக்குட்டியை அறுத்து, வாத்தியம் முழங்க வீட்டில் நடக்கும் காரியம் அது. அதை நடத்தச் சொன்னது பெரும்பாலும், மகள் நாளுக்கு நாள் மெலிவதைப் பார்த்துப் பதறிய ஒரு தாய்.

சொல்லின் பொருள் கெட்டுவிட்டது என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். இலக்கண ஆசிரியர்கள் இதற்கு 'இழிபொருட்பேறு' என்று பெயர் வைத்து, 'நாற்றம்' என்ற சொல்லை உதாரணம் காட்டி, அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். வெறியின் கதை அதைவிடச் சுவாரசியமானது. சங்கப் பாடல்களில் நோய் பெண்ணுக்கு. வெறி அந்த நோய்க்குச் செய்யும் மருந்து. இன்று வெறியே நோய். மருந்தின் பெயர் நோய்க்கு எப்படிப் போனது என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

முதலில் சடங்கு. குறிஞ்சித் திணையின் கதைப்போக்கு பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். தலைவி யாருக்கும் தெரியாமல் ஒருவனைக் காதலிக்கிறாள். அவன் வருவது தடைப்படுகிறது. வளை கழல்கிறது, மேனியில் பசலை படர்கிறது. வீட்டாருக்குக் காரணம் தெரியாது. தாய் குறி கேட்கப் போகிறாள். குறி சொல்லும் கட்டுவிச்சி என்றால் சுளகில் நெல்லைப் பரப்பிப் பார்ப்பாள். முருகனின் பூசாரியான வேலன் என்றால் கழங்குக் காய்களைப் போட்டுப் பார்ப்பான். எதில் பார்த்தாலும் பதில் ஒன்றுதான்: முருகு அணங்கியிருக்கிறது, அதாவது முருகன் அவளைப் பிடித்து வருத்துகிறான். பரிகாரம், வெறியாட்டு.

அந்த ஆட்டத்தைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்தியவர் காமக்கண்ணியார். வெறியைப் பாடியதாலேயே 'வெறிபாடிய காமக்கண்ணியார்' என்று பெயர் நிலைத்துவிட்டது. அகநானூற்றின் 22ஆம் பாட்டு அவருடையது. களத்தை நன்றாக இழைக்கிறார்கள், கண்ணி சூட்டுகிறார்கள், வீடே அதிரப் பாடிப் பலி கொடுக்கிறார்கள், சிவந்த தினையை இரத்தத்தோடு கலந்து தூவுகிறார்கள், நள்ளிரவில் முருகனை வரவழைக்கிறார்கள். 98ஆம் பாட்டும் அவருடையதே. அதில் அகலமான பந்தல், சேர்ந்து ஒலிக்கும் இசைக்கருவிகள், கடம்பு, வெண்மையான பனங்குருத்து எல்லாம் வருகின்றன. நடுவே ஆடும் வேலன், கைதேர்ந்தவன் செய்த பொறிப்பாவை அசைவதுபோல அசைகிறான். ஆடுவது அவன், ஆட்டுவது வேறு யாரோ என்ற எண்ணம் அந்த ஒரே உவமையில் வந்துவிடுகிறது.

இது காட்டுக்குள் ஒளிந்து நடந்த ஏதோ சிறு வழிபாடு என்று நினைத்துவிடக் கூடாது. பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்து அங்காடித் தெருவில் வெறியாடும் மகளிர் இருக்கிறார்கள். குழலும் யாழும் முழவும் முரசும் அவர்களைச் சுற்றி ஒலிக்கின்றன. தொல்காப்பியம் புறத்திணையியலிலேயே 'வெறியறி சிறப்பின் வெவ்வாய் வேலன் வெறியாட்டு அயர்ந்த காந்தள்' என்று இதற்கு இடம் கொடுக்கிறது. வெறியை அறிவது ஒரு சிறப்பு என்று இலக்கண நூல் சொல்கிறது, கவனித்துக்கொள்ளுங்கள். வேலன் அன்றைக்கு நிபுணன்.

திருமுருகாற்றுப்படை இன்னும் ஒரு படி மேலே போகிறது. முருகன் உறையும் இடங்களை வரிசையாகச் சொல்லும் அந்தப் பாட்டில், திருவேரகத்தில் ஈர உடையோடு ஆறெழுத்து மந்திரத்தை ஓதும் அந்தணர்கள் வருகிறார்கள். குன்றுகளில், மூங்கிலில் விளைந்த தேன்கள்ளைச் சுற்றத்தோடு குடித்துக் குரவை ஆடும் மக்கள் வருகிறார்கள். அப்புறம் 'வேலன் தைஇய வெறி அயர் களனும்' முருகனின் இடம் என்கிறது பாட்டு. தொடர்ந்து ஒரு குறமகள், கொழுத்த கிடாயின் இரத்தத்தோடு வெள்ளரிசியைக் கலந்து பலியிட்டு, மஞ்சளும் வாசனை நீரும் தெளித்து முருகனை வரவழைக்கிறாள். மந்திரம் ஓதுகிறவர்களின் இடமும் இரத்தம் தூவுகிறவளின் இடமும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்ற பேச்சே அங்கே எழவில்லை.

அந்தக் கால வினைச்சொற்களையும் பார்த்துவிடலாம், பின்னால் தேவைப்படும். வெறி அயர்ந்தார்கள், வெறி ஆடினார்கள், வெறி எடுத்தார்கள். விழா எடுப்பதுபோல எடுத்தார்கள். அதற்குக் களம் உண்டு. நற்றிணை 'வெறிமனை' என்றே ஒரு வீட்டைக் குறிக்கிறது. தொடங்கும் நேரம், முடியும் நேரம், செய்கிற ஆள், செய்யச் சொன்ன ஆள் எல்லாம் இருந்த ஒரு நிகழ்ச்சியின் பெயர் வெறி.

இத்தனை மதிப்பிருந்த சடங்கைப் பாடிய அதே புலவர்கள்தான் அதைக் கேலியும் செய்தார்கள். காரணம் கதையிலேயே இருக்கிறது. தலைவியின் நோய் என்னவென்று தலைவிக்குத் தெரியும், தோழிக்குத் தெரியும், படிக்கிற நமக்குத் தெரியும். தெரியாதவர்கள் தாயும் வேலனும் மட்டுமே. எனவே பாட்டுக்குள் வரும்போதே வெறியாட்டு தவறான மருத்துவமாகத்தான் வருகிறது. குறுந்தொகை 362இல் தோழி வேலனை நிறுத்தி வைத்துக் கேட்கிறாள்: ஆட்டுக்குட்டியைக் கொன்று, இவள் நெற்றியைத் தடவிப் பலி கொடுக்கிறாயே, இவளை வருத்தியது ஒரு மலைநாட்டுக்காரனின் மார்பு, அந்த மார்பும் நீ கொடுக்கும் பலியை உண்ணுமா? கேட்கும் முன், 'கோபித்துக்கொள்ளாதே' என்று வேலனிடம் ஒரு மரியாதை வேறு. நற்றிணை 34இன் தோழி மனிதனை விட்டுவிட்டுச் சாமியிடமே நேராகப் பேசுகிறாள். இது உன்னால் வந்த நோய் இல்லை என்று உனக்கே தெரியும். தெரிந்தும் வேலன் கூப்பிட்டான் என்று கண்ணி சூடிக்கொண்டு வந்து நிற்கிறாய். 'கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற, வாழிய முருகே!' நீ கடவுளாகவே இருந்துவிட்டுப் போ, ஆனால் அறிவில்லை உனக்கு, நல்லா இரு முருகா. தமிழில் கடவுளை இவ்வளவு செல்லமாகத் திட்டிய வரிகள் குறைவு.

அகம் 22இல் முடிவு இன்னும் குறும்பானது. வெறியாட்டு நடந்த அதே நள்ளிரவில் சந்தன வாசனையோடும் வண்டு மொய்க்கும் மலைப்பூக்களோடும் காதலன் திருட்டுத்தனமாக வந்துவிடுகிறான். தலைவி தேறிவிடுகிறாள். ஊர் அதை வேலனின் வெற்றி என்று நம்புகிறது. 'ஏதில் வேலன்', சம்பந்தமே இல்லாத வேலன், பெயரைத் தட்டிக்கொண்டு போவதைப் பார்த்து அவள் சிரிக்கிறாள்.

இந்த வகைப் பாடல்களுக்கு 'வெறிவிலக்கு' என்றே ஒரு துறைப் பெயர் அமைந்தது. வெறியாட்டைத் தடுப்பது என்று பொருள். ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய வெறிப்பத்து முழுக்க இந்தச் சங்கதியைச் சுற்றித்தான் ஓடுகிறது. சிலப்பதிகாரத்துக் குன்றக்குரவையிலும், மகளுக்கு நோய் தந்தது யாரென்று அறியாமல் வேலனை வரவழைக்கும் தாயை நினைத்துப் பெண்கள் சிரிக்கிறார்கள். என் வாசிப்பில் சொல்லின் சரிவு இங்கேதான் மெதுவாகத் தொடங்குகிறது. ஊரில் வெறி மரியாதையாக நடந்துகொண்டிருக்க, இலக்கியத்தில் அது எப்போதும் விலக்கப்படும் ஒன்றாக, ஏமாந்தவர்கள் செய்யும் ஒன்றாகப் பதிவாகிக்கொண்டே போனது. ஒரு சொல்லைப் பல நூற்றாண்டுகளுக்குத் தாங்கிப் போவது பாட்டு என்றால், பாட்டின் கேலியும் கூடவே போகும்.

என்றாலும் சங்கப் புலவர்களின் கேலியில் வெறுப்பு இல்லை. பலியையோ இரத்தத்தையோ பார்த்து அவர்கள் முகம் சுளிக்கவில்லை. மருந்து தப்பு என்றார்கள். மருத்துவனைக் கீழானவன் என்று சொல்லவில்லை. அந்தத் தொனி பக்தி இலக்கியத்தில் மாறுகிறது. நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் நாலாம் பத்தின் ஆறாம் திருவாய்மொழி, 'தீர்ப்பாரை யாமினி எங்ஙனம் நாடுதும் அன்னைமீர்' என்று தொடங்கும் பதிகம், அப்படியே ஒரு வெறிவிலக்கு. மெலிந்துபோன பெண், பதறும் தாய்மார், குறி சொல்லும் கட்டுவிச்சி, தடுக்கும் தோழி என்று பழைய பாத்திரங்கள் அத்தனை பேரும் இருக்கிறார்கள். காதலன் மட்டும் திருமால். தோழி சொல்கிறாள்: இவளைப் பிடித்தது 'மிக்க பெருந்தெய்வம்'; நீங்கள் ஆடிக் கூப்பிடுகிற 'இளந்தெய்வம்' இதுவன்று. கட்டுவிச்சி பேச்சைக் கேட்டு 'கள்ளும் இறைச்சியும் தூவேல்மின்' என்று அடுத்து வருகிறது.

சங்கத் தோழியும் இந்தத் தோழியும் ஒரே மாதிரி தடுப்பதாகத் தோன்றும். சங்கத் தோழிக்கு நோயின் காரணம் மனிதக் காதல், ஆகவே எந்தத் தெய்வத்துக்கும் இங்கே வேலையில்லை. ஆழ்வாரின் தோழிக்கோ தெய்வத்துக்கு வேலை உண்டு. பெரிய தெய்வம் எது, சின்ன தெய்வம் எது என்பதே வழக்கு. கள்ளும் இறைச்சியும் சின்ன தெய்வத்தின் அடையாளங்கள் ஆகிவிட்டன. திருமுருகாற்றுப்படையின் ஒரே பட்டியலில் இருந்தவை இப்போது மேல், கீழ் என்று பிரிந்துவிட்டன. வெறி கீழே போன பக்கத்தில் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், தன்னை மறப்பது பக்தி இலக்கியத்துக்குத் தேவைப்படாமலும் இல்லை. ஆடுவதும் பாடுவதும் அழுவதும் விழுவதும் புரள்வதும் அங்கே உயர்ந்த நிலைகள். ஆனால் அந்த நிலைக்கு அவர்கள் விரும்பி எடுத்த சொற்கள் வேறு. சுந்தரர் வாயெடுத்ததே 'பித்தா' என்றுதான். எனக்கு எல்லாரும் பேய்கள், எல்லாருக்கும் நானும் ஒரு பேய் என்று குலசேகர ஆழ்வார் பாடினார். பித்தும் பேயும் பக்தர்களோடு கோயிலுக்குள் போய்விட்டன. வெறி களத்திலேயே நின்றுபோனது.

இந்த இடத்தில் வெறியின் இரட்டைப் பிறவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சங்கப் பாட்டில் இதே சடங்குக்கு இன்னொரு பெயரும் உண்டு: முருகு அயர்தல். மேலே சொன்ன குறுந்தொகைப் பாட்டே 'முருகு அயர்ந்து வந்த முதுவாய் வேல' என்றுதான் ஆரம்பிக்கிறது. இரண்டு சொற்களுக்கும் அகராதியில் இருக்கும் ஒற்றுமை ஆச்சரியமானது. முருகு என்றால் மணம், கள், விழா, வெறியாட்டு. வெறி என்றாலும் மணம், கள், மயக்கம், வெறியாட்டு. தேவாரத்திலும் பிரபந்தத்திலும் பூவுக்கும் பொழிலுக்கும் துளசிக்கும் முன்னால் 'வெறி' வந்தால் அங்கே நறுமணம் என்று பொருள். உரையாசிரியர்கள் அந்த இடங்களில் 'வெறி, மணம்' என்று குறித்துவிட்டுச் சாதாரணமாகக் கடந்து போகிறார்கள். பூவும் புகையும் கள்ளும் தெய்வமும் ஒரே களத்தில் கலந்திருந்தபோது இந்த இரண்டு சொற்களும் அத்தனையையும் சேர்த்தே குறித்தன என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் இரண்டும் வெவ்வேறு திசையில் போயின. முருகு கடவுளின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இளமையும் அழகும் அதற்குப் பொருளாயின, திரு.வி.க. தம் நூலுக்கு 'முருகன் அல்லது அழகு' என்றே பெயர் வைத்தார். ஊருக்குப் பத்து முருகன்கள், முருகேசன்கள். கள் என்ற பொருள் அகராதியை விட்டு வெளியே வருவதில்லை. வெறியோ கடவுளை இழந்தது, மணத்தை இழந்தது, களத்தை இழந்தது. கையில் மிஞ்சியது கள்ளும் மயக்கமும். இரட்டைச் சொற்களில் ஒன்று நல்லதை எல்லாம் எடுத்துக்கொண்டு, மற்றதன் தலையில் மீதியைக் கட்டிவிட்டது என்று சொல்லலாம்.

சரி, பெயர் போனது. சடங்கு என்ன ஆனது? எங்கேயும் போகவில்லை. ஆடி மாதத்தில் தமிழ்நாட்டின் எந்தப் பக்கம் போனாலும் பார்க்கலாம். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டின் நடுவில் கோமரத்தாடி எழுந்து ஆடுவார். வேறு இடங்களில் அவர் சாமியாடி, மருளாளி. பம்பையும் உடுக்கையும் வேகம் எடுக்கும்போது கூட்டத்தில் ஒருவர் உடம்பு நடுங்கும்; 'சாமி வந்திருச்சு' என்பார்கள், அல்லது 'அருள் வந்திருச்சு'. குறி கேட்பார்கள், திருநீறு வாங்குவார்கள். முடிந்ததும் 'சாமி மலையேறிடுச்சு'. மகளுக்கு உடம்பு சரியில்லை என்றால் கோடாங்கியிடம் கூட்டிப்போகும் தாய் இன்றும் உண்டு. கோடாங்கி உடுக்கை அடித்துப் பார்த்து, எந்தச் சாமியின் குறை, எந்தக் காத்து கருப்பு என்று சொல்வார். வேலன் செய்த அதே வேலைதான். கிடாயும் உண்டு, பல இடங்களில் சாராயமும் உண்டு.

அந்த இடத்தில் போய், 'நல்லா வெறியாடுறார்' என்று ஒருவரைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். அடி விழும்.

சடங்கைச் செய்கிறவர்கள் அதற்கு அருள், சாமி, மருள், சன்னதம் என்று வேறு பெயர்கள் வைத்துக்கொண்டார்கள். வெறி என்ற பழைய பெயர் ஆளில்லாமல் கிடந்தது. ஆளில்லாத அந்தப் பெயரை யார் எடுத்துக்கொண்டார்கள் என்பதில்தான் மீதிக் கதை. அருளுக்கும் வெறிக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் கிடையாது: கண் சிவக்கும், உடம்பு முறுக்கும், தன்னினைவு இருக்காது. உள்ளே தெய்வம் இருக்கிறது என்று நம்பினால் அது அருள். தெய்வம் இல்லை, வெறும் முறுக்கம்தான் என்றால் அதற்கு வெறி என்று பெயர் வைத்துவிட்டோம்.

இதே காலத்தில் விலக்கும் தொடர்ந்தது, வேறு ஆட்களின் கையில். 1849இல் ராபர்ட் கால்டுவெல் திருநெல்வேலிப் பக்கத்து வழிபாட்டைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியபோது, சாமியாடியைப் 'பேயாடி' என்ற பொருள் தரும் சொல்லால்தான் குறித்தார். சுதந்திரத்துக்குப் பிறகு 1950இல் சென்னை மாகாணத்தில் கோயில்களில் ஆடு, கோழி பலியிடுவதைத் தடுக்கச் சட்டம் வந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேல் தூங்கிய அந்தச் சட்டத்தை 2003இல் தமிழக அரசு முடுக்கிவிட, கிராமங்களில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. 2004இல் சட்டமே திரும்பப் பெறப்பட்டது. 'கள்ளும் இறைச்சியும் தூவேல்மின்' என்ற குரலின் வேறு வேறு பிறவிகள் இவை. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, ஆனால் கை நீட்டுவது ஒரே களத்தை நோக்கித்தான்.

வினைச்சொற்களுக்குத் திரும்புவோம். இன்றைய வெறியை யாரும் எடுப்பதில்லை, அயர்வதில்லை. வெறி பிடிக்கிறது, ஏறுகிறது, கிளம்புகிறது, தலைக்கேறுகிறது, அடங்குகிறது. காய்ச்சல் மாதிரி வருகிறது, போகிறது. பேய் பிடிப்பதுபோல மனிதனைப் பிடிக்கிறது. ஒரு காலத்தில் எழுவாய் மனிதன், வெறி அவன் செய்த செயல். இப்போது எழுவாய் வெறி, மனிதன் அதன் வாகனம். காமக்கண்ணியார் பார்த்த பொறிப்பாவை மட்டும் சடங்கிலிருந்து கழன்று தனியே ஆடிக்கொண்டிருக்கிறது.

20ஆம் நூற்றாண்டின் மேடைப் பேச்சுக்கும் செய்தித்தாளுக்கும் இப்படி ஒரு சொல் தேவைப்பட்டது. கூட்டம் கூட்டமாக மனிதர்கள் தன்னிலை மறந்து அடுத்தவனை அடிக்கும் நிலைக்குப் பெயர் வேண்டும். 'பற்று' போதாது, மொழிப்பற்று, மதப்பற்று என்றால் பாராட்டாகிவிடும். வெறி தயாராக இருந்தது. எந்தப் பெயர்ச்சொல்லின் பின்னாலும் ஒட்டலாம். தென்னாப்பிரிக்க அரசு கறுப்பர்களை ஒதுக்கிவைத்த கொள்கைக்கு 'நிறவெறி' என்ற தமிழ் கச்சிதமாக அமைந்துவிட்டது. உண்மையில் அது ஆவேசத்தில் நடந்த காரியமே இல்லை. சட்டப்புத்தகமும் அடையாள அட்டையும் வைத்து நிதானமாக நடத்திய கொடுமை அது. ஆனாலும் வெறி என்ற சொல்லில் கண்டனம் அவ்வளவு ஊறிப்போயிருந்ததால் முறுக்கமும் சிவந்த கண்ணும் இல்லாத இடத்திலும் பொருந்தியது. மதவெறி என்பதை வேலன் கேட்டால் குழம்பிப்போவான். அவன் காலத்தில் வெறி என்றாலே மதம்தான்.

ஈழத் தமிழில் கதை கொஞ்சம் வேறு. யாழ்ப்பாணத்தில் வெறி என்றால் முதலில் குடிபோதை. 'ஆள் நல்ல வெறி' என்றால் நிற்க முடியாத அளவுக்குக் குடித்திருக்கிறார் என்று பொருள். குடிகாரனுக்கு 'வெறிக்குட்டி' என்று ஒரு செல்லப் பெயரும் உண்டு. பைத்தியத்துக்கு அங்கே விசர் இருக்கிறது, ஆகவே தமிழ்நாட்டில் வெறிநாய் எனப்படுவது இலங்கையில் விசர்நாய். தமிழ்நாட்டில் போதை என்ற சொல் வந்து குடியை எடுத்துக்கொண்டதால் வெறிக்கு மூர்க்கம் மிஞ்சியது. இலங்கையில் விசர் மூர்க்கத்தை எடுத்துக்கொண்டதால் வெறிக்குக் கள் மிஞ்சியது. வேலனின் களத்திலிருந்து ஆளுக்கொரு பங்கைத்தான் எடுத்துப்போயிருக்கிறோம்.

களியாட்டம் என்ற சொல்லின் பொருளும் இப்படித்தான் பங்கு பிரிந்தது. தமிழ்நாட்டுச் செய்தித்தாளில் 'களியாட்டம்' என்றால் பண்ணை வீட்டில் போலீஸ் ரெய்டு. இலங்கையில் களியாட்ட விழா என்பது ராட்டினமும் மிட்டாய்க் கடையும் உள்ள கார்னிவல். வடகேரளத்தில், கண்ணூர், காசர்கோடு பக்கம், களியாட்டம் என்பது தெய்யம் ஆடும் திருவிழாவின் பெயர். முகத்தில் எழுதி, முடி தரித்து, மனிதன் தெய்வமாக நின்று வாக்குச் சொல்வதை அங்கே முழு மரியாதையோடு அந்தப் பெயரால் அழைக்கிறார்கள். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை நடப்பது பெருங்களியாட்டம்.

இந்தச் சரிவு தமிழுக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. கிரேக்கர்கள் தியோனிசஸ், தெமெத்தர் போன்ற தெய்வங்களுக்குச் செய்த மறைச் சடங்குகளை 'ஓர்கியா' என்றார்கள். அது ஆங்கிலத்துக்கு வந்து 'ஆர்ஜி' ஆகி, இப்போது கூட்டுக் காமக் கேளிக்கையைக் குறிக்கிறது. வெறிக்கு இன்னும் நெருக்கமான உறவு லத்தீனில் இருக்கிறது. 'ஃபானும்' என்றால் கோயில். 'ஃபானாட்டிக்குஸ்' என்றால் கோயிலைச் சேர்ந்தவன், தெய்வம் ஏறியவன். பெல்லோனா என்ற போர்த் தெய்வத்தின் பூசாரிகள் ஆவேசத்தில் தம் கைகளைக் கீறிக்கொண்டு குறி சொன்னார்கள். அவர்களுக்கு அந்தப் பெயர் உண்டு. ஆங்கிலத்தில் அது 'ஃபனாட்டிக்' ஆனது, மதவெறியன். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க பேஸ்பால் மைதானங்களில் அதன் வால் அறுந்து 'ஃபேன்' ஆனது, ரசிகன். கோயிலில் ஆடியவன், கொலைக்கு அஞ்சாதவன், டிக்கெட் வாங்கிக் கைதட்டுகிறவன் என்று மூன்று பேரும் ஒரே சொல்லின் வாரிசுகள்.

தமிழிலும் அந்த மூன்றாவது ஆள் வந்துவிட்டார். 'நான் தலைவர் வெறியன்' என்று முதுகில் அச்சடித்த டீசட்டையோடு முதல் நாள் முதல் காட்சிக்கு நிற்பவருக்கு அது வசையாகவே தெரியாது. 2011 நவம்பரில் தனுஷ் பாடிய 'ஒய் திஸ் கொலவெறி டி' இணையத்தில் உலகம் சுற்றியது. அதில் கொலையும் இல்லை, வெறியும் இல்லை. காதலி கைவிட்ட ஒருவனின் புலம்பல் மட்டுமே. தலைவியின் காதல் நோய்க்கு மருந்தாக இருந்த சொல், காதலனின் புலம்பலுக்குள் வந்து உட்கார்ந்ததை வேலன் ரசித்திருப்பான். 2019இல் 'பிகில்' படத்துக்காக விஜய் பாடிய பாட்டின் பெயரே 'வெறித்தனம்'. அதற்குள் அந்தச் சொல் இளைஞர்களிடையே பாராட்டாகிவிட்டிருந்தது. ஒரு கேட்ச், ஒரு சண்டைக்காட்சி, பறையாட்டம், பிரியாணி என்று எது பிரமாதமாக இருந்தாலும் வெறித்தனம்தான். 'வெறித்தனமா படிச்சேன்' என்று பிள்ளை சொன்னால் பெற்றோர் சந்தோஷப்படுகிறார்கள்.

ஆனால் இந்தப் புது மரியாதைக்கு ஓர் எல்லை இருக்கிறது. வெறித்தனம் என்று தனியே நின்றால் பாராட்டு. நடிகர் பெயரோ கிரிக்கெட் அணியோ முன்னால் வந்தால் பெருமை. முன்னால் சாதியையோ மதத்தையோ வைத்தால் உடனே பழைய கண்டனம் திரும்பிவிடுகிறது. அதனால்தான் தங்களை ரஜினி வெறியன் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள், முருகன் மேல் எவ்வளவு உயிரை வைத்திருப்பவரும் தன்னை முருக வெறியன் என்று சொல்லிக்கொள்வதில்லை. முருக பக்தர் என்பார். தைப்பூசத்துக்கு அலகு குத்திக் காவடி எடுத்து ஆடி வருகிறவரும் அப்படித்தான் சொல்வார்.